மஞ்சப்பையும் மஞ்சள் தண்ணியும்

முகப்பேர் மேற்கில் ஒரு டெய்லர் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் பத்துக்குப் பத்து அறை ஒன்று இருக்கிறது. வாசலில் போர்டு கிடையாது. குறுக்கே கட்டிய கயிற்றில் க்ளிப் போட்டு வரிசையாகத் தொங்கும் தாம்பூலப் பைகள்தான் போர்டு. "திருமண நல்வாழ்த்துகள்", அதன் கீழே இரண்டு வீட்டார் பெயர், மண்டபம், தேதி. ஸ்கிரீன் பிரிண்டிங் கடை.

நடத்துபவருக்கு ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம், தெருவில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் மெஷின்களுக்கு நேம்ப்ளேட் அடிக்கிற ஒரு பட்டறையில் பதினைந்து வருஷம் வேலை பார்த்துவிட்டு, சொந்தமாகத் தொடங்கியவர். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டும் உபயோகிக்கிற பிளாஸ்டிக்குக்குத் தடை வந்ததில் அவருக்கு வேலை கூடியது. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்று ஆரம்பித்ததும் இன்னும் கொஞ்சம் கூடியது. ஆக, சுற்றுச்சூழலால் பிழைக்கிற மனுஷர். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஷட்டரைப் பாதி இறக்கி, டியூப்லைட்டை அணைத்து, ஒரு மஞ்சள் பல்பைப் போடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஏதோ மாந்திரீகம் நடக்கிற மாதிரி இருக்கும் :-) உள்ளே நடப்பது இதுதான். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய சன்னமான நைலான் வலை. ஒரு மக்கில் கொழகொழவென்று பசை. அதில் ஆரஞ்சு நிற உப்பைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கலக்குவார் அவருடைய மனைவி. கலவையை வலையின் மேல் ஒரே சீராக இழுத்துப் பூசி, ஃபேன் காற்றில் காயவைப்பார். காய்ந்த வலையின் மேல் டிசைன் அச்சடித்த ட்ரேசிங் பேப்பரை வைத்து, மேலே கண்ணாடியை அழுத்தி, அடியில் டியூப்லைட் அடுக்கிய பெட்டியில் சில நிமிஷம் வைப்பார்கள். அப்புறம் குழாயடிக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் அடித்தால், கறுப்பு எழுத்து மறைத்திருந்த இடத்தில் மட்டும் பசை கரைந்து ஓடும். வெளிச்சம் பட்ட இடம் அப்படியே நிற்கும். வலையில் எழுத்து திறந்துகொள்ளும். மை அந்த ஓட்டை வழியாகப் பையில் இறங்கும்.

இதைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. ஆனால் ஒரு நிமிஷம் நின்று யோசித்தால் ஆச்சரியமாக இருக்கும். ஒரே பசை, ஒரே வலை, ஒரே தண்ணீர். ஓர் இடத்தில் கரைகிறது, பக்கத்து இடத்தில் கரைய மாட்டேன் என்கிறது. நடுவில் வந்துபோனது வெறும் வெளிச்சம்.

அந்தப் பசை பாலிவினைல் ஆல்கஹால். (ஆல்கஹால் என்றதும் நிமிர்ந்து உட்கார வேண்டாம், போதை எல்லாம் இல்லை.) நீள நீளமான சங்கிலி மூலக்கூறுகள், தண்ணீரோடு நன்றாக ஒட்டி உறவாடுகிற சாதி, அதனால் சுலபமாகக் கரையும். ஆரஞ்சு உப்பு அம்மோனியம் பைக்ரோமேட். அதில் இருக்கும் குரோமியத்துக்கு எலெக்ட்ரான் மேல் பெரிய பசி. இருட்டில் அது பெரும்பாலும் சும்மா இருக்கும். நீலமும் புற ஊதாவும் கலந்த வெளிச்சம் பட்டவுடன் பக்கத்திலிருக்கும் பசைச் சங்கிலியிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிடுங்கிக்கொண்டு, ஆறு என்ற நிலையிலிருந்து மூன்று என்ற நிலைக்கு இறங்கிவிடும். மூன்றாம் நிலை குரோமியத்துக்கு ஆறு கை என்று சொல்லலாம். அந்தக் கைகளால் சுற்றியிருக்கும் சங்கிலிகளைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடுகிறது. தனித்தனியாக இருந்தவரை தண்ணீரில் போன சங்கிலிகள் இப்போது ஒரே வலைப்பின்னலாக நைலான் நூலைச் சுற்றி இறுகிக்கொள்கின்றன. எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் வராது.

இதே வேலையை வெளிச்சம் இல்லாமல் செய்கிற தொழில் நம் ஊரில் வெகு பிரசித்தம்: தோல் பதனிடுவது. அங்கேயும் மூன்றாம் நிலை குரோமியம்தான் தோலின் கொலாஜன் இழைகளைப் பிணைத்து அழுகாமல் நிறுத்துகிறது. குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே குரோம் லெதர் கம்பெனியால்தான். கொலாஜனைக் காய்ச்சினால் கிடைப்பது ஜெலட்டின். ஆரம்ப காலத்தில் ஒளி வித்தைக்காரர்கள் உபயோகித்த பசையும் இந்த ஜெலட்டின்தான். 1839ல் மங்கோ பான்ட்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், பைக்ரோமேட்டில் நனைத்த காகிதம் வெயிலில் நிறம் மாறுவதைச் சொன்னார். 1852ல் ஃபாக்ஸ் டால்பட் ஜெலட்டினையும் பைக்ரோமேட்டையும் சேர்த்து உலோகத்தில் படம் செதுக்குவதற்குக் காப்புரிமை வாங்கினார். 1855ல் பிரான்ஸில் பொய்ட்வான் அதை அச்சுத் தொழிலுக்குத் திருப்பினார். அண்ணனுக்கு இந்தப் பேர் எதுவும் தெரியாது, தெரிந்து ஒன்றும் ஆகப்போவதுமில்லை. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் அந்தச் செய்முறை முகப்பேரில் ஒரு பாதி ஷட்டருக்குப் பின்னால் கிட்டத்தட்ட அப்படியே உயிரோடு இருக்கிறது என்பது வேடிக்கைதான்.

இங்கே ஒரு சின்ன திருத்தம் சொல்லிவிட வேண்டும். அண்ணன் வலையில் பசை நிற்பது பெரும்பாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பது. நூலைச் சுற்றி இறுகிய பிடி. நூலுக்கும் பசைக்கும் ரத்த சம்பந்தம் என்று பெரிதாக இல்லை. ரத்த சம்பந்தம் உண்டாக்குகிற முறை வேறு ஒன்று இருக்கிறது. அதற்கு வேதியியலில் வைத்திருக்கும் பெயர் நம் தோட்டக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர்: ஒட்டு. நாட்டு மாங்கன்றின் தண்டைச் சீவி, நல்ல ஜாதி மாமரத்தின் குச்சியை வைத்துக் கட்டினால் இரண்டும் ஒரே மரமாகிவிடுகிறதே, அதே மாதிரி ஒரு திடப்பொருளின் மேற்பரப்பில் பாலிமர் சங்கிலியை ரசாயனப் பிணைப்பால் ஒட்டு கட்டுவது. கத்திக்குப் பதில் வெளிச்சம்.

இதற்கு அதிகம் பயன்படும் மூலக்கூறு பென்சோஃபீனோன். ஒட்ட வேண்டிய பாலிமரில் இதை அங்கங்கே தொங்கவிட்டு, பிளாஸ்டிக்கின் மேல் பூசி, புற ஊதா விளக்கைக் காட்டுவார்கள். வெளிச்சத்தை விழுங்கிய பென்சோஃபீனோன், எதிரில் இருக்கும் பிளாஸ்டிக்கிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறிக்கும். பறிகொடுத்த இடத்திலும் பறித்த இடத்திலும் ஒவ்வோர் எலெக்ட்ரான் ஜோடியில்லாமல் நிற்கும். இரண்டும் கைகோத்தால் கார்பனுக்கும் கார்பனுக்கும் நேரடிப் பிணைப்பு. அழுத்தித் தேய்த்தாலும் சுலபத்தில் போகாது. அமெரிக்காவில் மின்னசோட்டாவிலுள்ள சர்மோடிக்ஸ் என்ற கம்பெனி இந்த வழியில் மருத்துவக் குழாய்களுக்குப் பூச்சு கொடுத்தே பெரிய ஆளானது. ரத்தக்குழாய்க்குள் நுழைகிற கதீட்டர் உலர்ந்திருக்கும்போது சாதாரண பிளாஸ்டிக். ஈரம் பட்டதும் மேலே ஒட்டு கட்டியிருக்கும் பாலிமர் தண்ணீரைக் குடித்து விலாங்கு மீன் மாதிரி வழுக்கும். முகப்பேருக்கு இன்று வெளியூரில் பெயர் இருப்பதே மெட்ராஸ் மெடிக்கல் மிஷன், ஃபிரான்டியர் லைஃப்லைன் மாதிரி இதய மருத்துவமனைகளால்தான். பக்கத்துத் தெருவில் பைக்கு எழுத்து அடிக்க வைத்திருக்கும் சூத்திரத்தின் ஒன்றுவிட்ட தம்பி, உலகம் முழுக்க இதய மருத்துவர்கள் கையில் இருக்கிறான்.

ஒளியை வைத்துப் பாலிமர் செய்வதில் சென்னைக்கும் பழைய பந்தம் உண்டு. 1950களின் தொடக்கத்தில் எம்.ஜி.எவன்ஸ், என்.யூரி ஆகியோரோடு சேர்ந்து, தண்ணீரில் கரைந்த இரும்பு உப்பின் மேல் வெளிச்சம் பட்டால் அது பாலிமர் சங்கிலியைத் தொடங்கிவைப்பதை ஆராய்ந்தவர் எம்.சாந்தப்பா. பிறகு மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர், 1980களில் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அந்தத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில் கொலாஜன் இழையின் மேலேயே பாலிமரை ஒட்டு கட்டும் ஆராய்ச்சி வருஷக்கணக்கில் நடந்தது. (பெரும்பாலும் வெளிச்சம் இல்லாமல், சீரியம் உப்பை வைத்து.)

சரி, கடைக்குத் திரும்புவோம்.

அண்ணனின் கைகளைப் பார்த்தவர்கள் இரண்டாவது தடவை பார்ப்பார்கள். விரல் இடுக்குகளில் தோல் தடித்து, வெடித்து, வெயில்காலத்து ஏரி மாதிரி இருக்கும். தேங்காய் எண்ணெய் தடவினார், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஏதோ ஆயின்ட்மென்ட் தடவினார். தடவும்போது போகும், நிறுத்தினால் வரும். சட்டத்துக்குப் பசை பூசுகிற வேலை மனைவியிடம் போனதே இதனால்தான். அவர் கையை ஈரத்தில் வைக்க முடியாமல் போனதும், "நகருங்க, நான் பண்றேன்" என்று அந்தம்மா மக்கை வாங்கிக்கொண்டார்.

கடைசியில் தோல் டாக்டரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "கொத்தனார் வேலையா?"

"இல்லீங்க டாக்டர், பிரிண்டிங்."

கேள்வியில் காரணம் இருந்தது. சிமென்ட்டில் கொஞ்சமாகக் கலந்திருக்கும் ஆறாம் நிலை குரோமியத்தால் கொத்தனார்களுக்கு இதே மாதிரி கை வெடிக்கும். உலகம் முழுக்க நூறு வருஷமாகத் தெரிந்த வியாதி. முதுகில் வரிசையாகச் சின்னச் சின்ன ஒட்டுகள் போட்டு இரண்டு நாள் விட்டுப் பார்க்கும் பரிசோதனையில் பொட்டாசியம் பைக்ரோமேட்டுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. அண்ணன் முதுகில் அந்த இடம் மட்டும் சிவந்து தடித்திருந்தது. ஒருமுறை உடம்பு அந்தச் சரக்கை எதிரி என்று குறித்துக்கொண்டால் பிறகு லேசில் மறக்காது என்றார் டாக்டர். ஆறாம் நிலை குரோமியத்தின் தூளோ ஆவியோ மூச்சில் போனால் நுரையீரல் புற்றுநோய் வரைக்கும் போகலாம் என்பது வேறு விஷயம், அதையும் சொன்னார்.

மூன்றாம் நிலை குரோமியம் அவ்வளவு மோசமில்லை. தோலுக்குள் சுலபமாக நுழையாது. அதாவது, வலையில் வெளிச்சம் பட்டு இறுகிப்போன பகுதி ஒப்பிட்டால் சாது. ஆபத்தெல்லாம் வெளிச்சம் படாமல் கழுவப்பட்டு ஓடுகிற பகுதியில், மக்கில் மிச்சமாகிற பகுதியில். அந்தக் கலவையை நாளைக்கு என்று எடுத்துவைக்கவும் முடியாது, இருட்டிலேயே மெல்ல மெல்ல இறுகிவிடும். அதனால் ஒவ்வொரு ராத்திரியும் மிச்சம் குழாயடியில். மஞ்சளாக ஓடும். இன்னொரு கொடுமையும் இருக்கிறது. ஆர்டர் முடிந்ததும் பழைய டிசைனை எடுத்துவிட்டு வலையைத் திரும்ப உபயோகிக்க, சின்னக் கடைகளில் பலர் ஊறவைப்பது ப்ளீச்சிங் பவுடரில். காரத்தன்மையுள்ள குளோரின் சரக்கு, சாதுவான மூன்றாம் நிலை குரோமியத்தைத் திரும்பவும் ஆறாம் நிலைக்கு ஏற்றிவிடக்கூடியது. வெளிச்சம் செய்த ஒரே நல்ல காரியத்தையும் தலைகீழாக்கிச் சாக்கடைக்கு அனுப்புகிறோம். கூவம் நொளம்பூர் பக்கமாகத்தான் போகிறது.

ஒரு கடையின் ஒரு மக்கு தண்ணீரில் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். ராணிப்பேட்டைக்குப் போனவர்கள் கேட்க மாட்டார்கள். அங்கே சிப்காட்டில் இருந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை தயாரித்ததே இந்த வகை உப்புதான். 1990களின் நடுவில் மூடப்பட்டபோது அது விட்டுப்போனது ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு, திறந்தவெளி மலையாக. மழை பெய்தால் மஞ்சள் தண்ணீர். 2006ல் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் வெளியிட்ட, உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து ஊர்களின் பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது. சென்னையில் கல்யாணப் பத்திரிகையும் தாம்பூலப் பையும் அடிப்பவர்கள் கலக்குவது அந்தக் குடும்பத்துச் சரக்கு.

முறிவு மருந்து ஒன்று நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கிறது: அன்னபேதி. இரும்பு சல்பேட். அமிலத் தண்ணீரில் அது ஆறாம் நிலை குரோமியத்தை மூன்றுக்கு இறக்கிவிடும், அப்புறம் சுண்ணாம்பு போட்டால் சேறாக அடியில் தங்கும். ஐரோப்பாவில் 2005 முதல் சிமென்ட்டில் கரையும் ஆறாம் நிலை குரோமியம் 2 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டம் போட்டபோது, பெரும்பாலான ஆலைகள் கலந்தது இதைத்தான். டென்மார்க் 1980களிலேயே இதைச் செய்து கொத்தனார்களின் கைகளைக் காப்பாற்றியது. ஆனால் பத்துக்குப் பத்து அறையில் அமிலமும் சுண்ணாம்பும் அளந்து போட்டுச் சேற்றைப் பிரித்தெடுப்பது நடக்கிற காரியமா என்றால், இல்லை.

நடக்கிற காரியம், பைக்ரோமேட்டையே விட்டுவிடுவது. மாற்று இன்று நேற்று வந்ததல்ல. டயஸோ என்று ஒரு சென்சிடைசர் இருக்கிறது. வெளிச்சம் பட்டதும் நைட்ரஜனை ஊதித் தள்ளிவிட்டுப் பசைச் சங்கிலிகளைப் பிணைக்கும், குரோமியமே கிடையாது. கலந்து வைத்தால் குளிர்ச்சியான இடத்தில் சில வாரம் தாங்கும். அதற்கடுத்த தலைமுறையில், வெளிச்சம் வாங்கும் மூலக்கூறைப் பசைச் சங்கிலியிலேயே கட்டிவிட்டார்கள். 1980களில் ஜப்பானில் குனிஹிரோ இச்சிமுரா செய்த வேலை. டப்பாவைத் திறந்து பூச வேண்டியதுதான், கலக்குகிற வேலையே இல்லை.

பிறகு ஏன் மாறவில்லை? அண்ணனைக் கேட்டால் ஒரே வார்த்தை: "ரேட்டு." டப்பா விலையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவர் சொல்வது சரி, பைக்ரோமேட் மிக மலிவு. ஆனால் காஸ்ட் அக்கவுண்டிங் படித்த யாரும் டப்பாவோடு நிறுத்தமாட்டார்கள். ஒரு சட்டத்துக்குக் கூடுதலாக 50 ரூபாய் ஆகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சட்டத்தில் 1000 பை அடித்தால் ஒரு பைக்கு 5 காசு. எந்தக் கல்யாண வீட்டுக்காரரும் 5 காசுக்காகக் கடை மாறமாட்டார். தினம் ராத்திரி குழாயடியில் கொட்டுகிற மிச்சக் கலவை, தோல் டாக்டர் ஃபீஸ், ஆயின்ட்மென்ட், கை வெடித்து வேலை நின்ற நாட்கள், இதெல்லாம் எந்த லெட்ஜரில் ஏறியது? சாக்கடை, கூவம் கணக்கு யாருடைய நோட்டிலுமே இல்லை.

அதே சமயம் அண்ணன் முட்டாளும் இல்லை. விலைக்குப் பின்னால் அவர் சொல்லாத காரணம் ஒன்று உண்டு: நேரம். பைக்ரோமேட்டுக்கு எத்தனை நிமிஷம், மழைக்காலத்தில் எத்தனை, பெட்டியில் ஒரு டியூப் மங்கினால் எவ்வளவு கூட்டணும் என்பதெல்லாம் அவர் உடம்பில் ஊறிய கணக்கு. புதுச் சரக்குக்கு அந்த அனுபவம் செல்லாது. 300 பை ஆர்டரில் சட்டம் கெட்டால் அந்த நஷ்டத்தைக் கம்பெனிக்காரன் தரமாட்டான்.

மாற்றியது வேறு விஷயம். தை மாசம் ஒரு நாள் மனைவி கண்ணாடி வளையலைக் கழற்றி வைத்துவிட்டுக் கையைச் சொறிந்துகொண்டிருந்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் லேசாகச் சிவந்திருந்தது.

"எத்தனை நாளா?"

"அது கிடக்கு. பொங்கலுக்கு முன்னாலேர்ந்து."

தன் கைக்கு மூன்று வருஷம் கணக்குப் பார்த்தவர் மறுநாளே சரக்குக் கடைக்குப் போய் டயஸோ போட்ட எமல்ஷன் ஒரு டப்பா வாங்கி வந்தார். கூடவே ரப்பர் கிளவுஸ் இரண்டு ஜோடி.

முதல் சட்டம் கெட்டது. சந்தான சீனிவாசப் பெருமாளுக்கு நேர்ந்துகொண்டு பிள்ளை பெற்ற ஒரு குடும்பம், குழந்தையின் காதுகுத்துக்குக் கேட்ட பைகள். பழைய கணக்கில் வெளிச்சம் காட்டிவிட்டுத் தண்ணீர் அடித்தால், எழுத்தோடு சேர்ந்து சுற்றியிருந்த பசையும் பிய்ந்துகொண்டு போய், சட்டம் வெறும் வலையாக நின்றது. அண்ணன் டப்பாவைத் தூக்கி எறிகிற அளவுக்குப் போனார். அந்தம்மாதான் ஒரு காலண்டர் அட்டையை எடுத்து, வலையின் மேல் வைத்து, அரை நிமிஷத்துக்கு ஒரு விரல்கடை நகர்த்திக்கொண்டே போனார். கழுவிப் பார்த்தால் எந்தப் பட்டையில் பசை உறுதியாக நிற்கிறதோ அதுதான் நேரம். எஸ்டேட் பட்டறையில் அண்ணனே ஒரு காலத்தில் செய்த சோதனை, மறந்துபோயிருந்தார். இரண்டாவது சட்டத்தில் எழுத்து கூர்மையாக விழுந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு 300 பையும் கயிற்றில்.

பழைய பைக்ரோமேட் அரை கிலோ மிச்சம் இருக்கிறது. இதற்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை. ஆபத்தான கழிவுகளை வாங்கிப் புதைக்கிற இடம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது, ஆனால் அது ஆலைகள் லாரியில் அனுப்புகிற இடம். அரை கிலோவை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போக முடியாது. சரக்குக் கடையில் திருப்பி எடுப்பீர்களா என்று கேட்டதற்குச் சிரித்திருக்கிறார்கள். சாக்கடையில் கொட்ட அண்ணனுக்கு இப்போது மனசு வரவில்லை. பாட்டில் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. வெளிச்சம் படாமலிருக்கக் கறுப்புத் துணி சுற்றி, அதன் மேல் 'தொடாதே' என்று எழுதிய ஒரு துண்டுத் தாளை அந்தம்மா ஃபெவிகாலில் ஒட்டி வைத்திருக்கிறார்.